பழைய மாருதி 800-க்கு ஃப்ளோர் கார்ப்பெட் நாமளே மாத்துறது எப்படி

மழைக்காலம் முடிஞ்சதும் பழைய வண்டி கதவைத் திறந்தா ஒரு முடை நாத்தம் அடிக்கும் பாருங்க, ஈரச்சாக்கை மூட்டையா கட்டி மூலையில போட்ட மாதிரி, அதுக்கு நம்ம ஆளுங்க முக்காவாசி பேர் செய்றது ரெண்டே வேலைதான். ஒன்னு டேஷ்போர்டுல சென்ட் பாட்டில் வைக்கிறது, இன்னொன்னு ஆக்சஸரீஸ் கடைக்குப் போயி பழைய கார்ப்பெட் மேலயே ரெக்சின் மேட்டிங் ஒட்டிட்டு வந்துடுறது. ரெண்டாவது ரொம்ப மோசம். அடியில ஊறிக் கிடக்குற தண்ணி வெளியேற இருந்த கொஞ்சநஞ்ச வழியையும் அடைச்சுட்டு, தகடை துருவுக்கு எழுதிக் குடுத்த மாதிரி ஆயிடும்.

நான் இங்க சொல்லப்போறது மாருதி 800-ஐ வச்சுதான், ஏன்னா கை வச்சுப் பழகின வண்டி அது. 1983 டிசம்பர்ல வந்து 2014 ஜனவரில தயாரிப்பை நிறுத்தின வண்டி, இன்னும் நம்ம ஊர்ல ஓடிட்டு இருக்கு, ஸ்பேரும் கிடைக்குது. ஜென், எஸ்டீம், பழைய சான்ட்ரோ எதுவா இருந்தாலும் முறை கிட்டத்தட்ட இதேதான், போல்ட் இருக்குற இடம் மட்டும் மாறும்.

ஏன் இவ்ளோ அழுத்திச் சொல்றேன்னா, அம்பாசடர், 800 மாதிரி கார்களுக்கு லாரிக்கு இருக்குற மாதிரி தனியா சேஸிஸ், அதாவது அடியில தாங்குற இரும்புச் சட்டம், கிடையாது. பாடியே சேஸிஸ். நீங்க கால் வைக்கிற அந்த தகடுதான் வண்டியைத் தாங்குது, சீட்டும் சீட் பெல்ட்டும் போல்ட் போட்டு நிக்கிறதும் அந்த பாடியிலதான். அதனால கார்ப்பெட் மாத்துறதுங்கிறது அழகு வேலை இல்ல, 20, 25 வருஷமா யாரும் பாக்காத தகடை ஒரு தடவை முழுசா பாக்கக் கிடைக்குற வாய்ப்பு. தண்ணி எங்கேர்ந்து வருதுன்னு கண்டுபிடிக்காம புதுசு வாங்கிடாதீங்க, அடுத்த மழைக்கு அதுவும் நாறும்.

வெயில் காலத்துல, ரெண்டு மூணு நாள் வண்டி தேவைப்படாத சமயமா பாத்து ஆரம்பிங்க. சாமான்னு பெருசா ஒன்னும் வேணாம். 10, 12, 14, 17 மில்லிமீட்டர் சாக்கெட், அதைத் திருப்ப ஒரு ராட்செட், ஒரு எக்ஸ்டென்ஷன், ஒரு நீட்டு ஹேண்டில், பிளஸ் மைனஸ் ரெண்டு ஸ்க்ரூ டிரைவர், கட்டர் பிளேடு, வயர் பிரஷ், உப்புத்தாள், டபிள்யூடி 40 மாதிரி ஒரு ஸ்ப்ரே, சாக்பீஸ், கையுறை, மாஸ்க். கார்ப்பெட் வெட்ட நல்ல பெரிய தையல் கத்திரி வேணும், வீட்டுல பேப்பர் வெட்டுற கத்திரி ஆகாது. சின்ன சின்ன டப்பா நாலஞ்சு எடுத்து வச்சுக்கோங்க, டிரைவர் சீட் போல்ட் ஒன்னுல, பெல்ட் போல்ட் ஒன்னுல, சில் பிளேட் (கதவு வாசல் ஓரத்துப் பட்டை) ஸ்க்ரூ ஒன்னுலன்னு போட்டு மேல எழுதிடுங்க. திரும்ப மாட்டும்போது இதோட அருமை தெரியும்.

முதல்ல பேட்டரி நெகட்டிவ் வயரைக் கழட்டிடுங்க. 800-ல ஏர்பேக் இல்ல, ஆனா உங்க வண்டில இருந்தா, அல்லது சீட் பெல்ட்ல மஞ்சள் கலர் கனெக்டர் எதுவும் தெரிஞ்சா, பேட்டரியைக் கழட்டிட்டு கொஞ்ச நேரம் காத்திருங்க, அந்த வயர்ல மீட்டர் வச்சு எல்லாம் சோதிக்கக் கூடாது.

முன் சீட்டை முழுசா பின்னாடி தள்ளினா அது நகர்ற ரெயிலோட முன் போல்ட் தெரியும், முழுசா முன்னாடி இழுத்தா பின் போல்ட் தெரியும். பழைய வண்டில இது துருப்பிடிச்சு இறுகிக் கிடக்கும், அதனால முந்தின நாள் ராத்திரியே ஸ்ப்ரே அடிச்சு ஊற விட்டுடுங்க. காலைல ரிங் ஸ்பேனரோ சாக்கெட்டோ போட்டுத்தான் திருப்பணும், ஓப்பன் ஸ்பேனர் போட்டா முனை மழுங்கிடும், மழுங்கிட்டா அப்புறம் வெல்டிங் கடை வரைக்கும் போக வேண்டி வரும். ஒரேயடியா பலத்தைக் காட்டாம, கொஞ்சம் லூஸ் பண்ணி, திரும்ப கொஞ்சம் டைட் பண்ணி, மறுபடி லூஸ் பண்ணின்னு முன்னும் பின்னுமா ஆட்டி எடுங்க. சீட்டை வெளிய தூக்கும்போது ரெயில் முனை கதவு ஓரத்து பெயின்ட்டைக் கீறும், அங்க ஒரு பழைய துண்டு போட்டுக்கோங்க. பின் சீட் உக்கார்ற பாகத்தையும் எடுத்துடணும், அதுக்கு அடியில எலி கூடு கட்டியிருந்தா ஆச்சரியப்படாதீங்க, பஞ்சும் தேங்காய் நாரும் பேப்பர் துணுக்குமா ஒரு பந்தே கிடைக்கும், அப்படி இருந்தா பக்கத்துல போற வயரை எல்லாம் விரலால தடவிப் பாருங்க, இன்சுலேஷன் கடிச்சிருக்கும்.

அடுத்து கதவு ஓரத்து சில் பிளேட், பக்கவாட்டு பிளாஸ்டிக், கியர் லிவர் பூட் (லிவரைச் சுத்தி இருக்குற உறை), சீட் பெல்ட்டோட கீழ் போல்ட், இதெல்லாம். பெல்ட் போல்ட் ரொம்ப டைட்டா இருக்கும், அதுக்குத்தான் அந்த 17 சாக்கெட்டும் நீட்டு ஹேண்டிலும். பழைய பிளாஸ்டிக் வெயில்ல வெந்து அப்பளமா நொறுங்குற நிலையில இருக்கும், மைனஸ் ஸ்க்ரூ டிரைவர் விட்டு நெம்பாதீங்க, முடிஞ்சா மதிய வெயில்ல வண்டி சூடா இருக்கும்போது எடுங்க, பிளாஸ்டிக் கொஞ்சம் வளையும். ஒவ்வொரு கட்டத்துலயும் போன்ல போட்டோ எடுத்துட்டே போங்க, முக்கியமா வயர் எந்த வழியா போகுது, கிளிப் எங்க மாட்டியிருக்குங்கிறத.

இப்ப பழைய கார்ப்பெட். கிழிச்சு எடுக்காதீங்க. எவ்ளோ நாறினாலும் பரவால்ல, அதுதான் உங்களுக்கு அளவு. ஓரத்துலேர்ந்து மெதுவா தூக்கி, டேஷ்போர்டு அடியில சொருகியிருக்குற பாகத்தை உருவி, கியர் லிவர் ஓட்டை வழியா மேல எடுத்து முழுசா வெளிய கொண்டாந்து மொட்டை மாடில விரிச்சுக் காயப் போடுங்க. அடியில சணல் மாதிரி, பஞ்சு மாதிரி ஒரு ஃபெல்ட் இருக்கும், ஈரத்தை வருஷக்கணக்குல பிடிச்சு வச்சிருக்குறது அதுதான். மேல கை வச்சா காஞ்ச மாதிரி இருக்கும், ஃபெல்ட்டை அழுத்தினா தண்ணி கசியும். அதை அப்படியே தூக்கிப் போட்டுடலாம்.

வெறும் தகடு தெரியுது, இப்பதான் உண்மையான வேலை.

வாக்யூம் போட்டு மண்ணு, பழைய சில்லறை, ஊக்கு எல்லாம் எடுத்துட்டு, துடைச்சு, நல்லா காய விடுங்க. அப்புறம் தண்ணி வர்ற வழி. ஈரம் எந்தப் பக்கம்னு பாத்தாலே பாதி விடை கிடைச்சுடும். இடது பக்கம் முன்னாடி மட்டும் ஈரம், அதுவும் மழையே இல்லாத நாள்ல ஏசி போட்டு ஓட்டினா ஈரம்னா, அது ஏசி டிரெயின் பைப் அடைச்சிருக்கு அல்லது கழண்டு உள்ளயே சொட்டுது. தொட்டா வழுவழுன்னு, லேசா இனிப்பு வாடை அடிச்சா அது மழைத்தண்ணியே இல்ல, ஹீட்டர் பக்கத்துலேர்ந்து கூலன்ட் ஒழுகுது, அதை முதல்ல சரி பண்ணாம வண்டியை எடுக்காதீங்க. கதவு ஓரமா ஈரம்னா ரெண்டு காரணம் இருக்கலாம், ஒன்னு கதவுக்கு அடியில இருக்குற சின்ன வடிகால் ஓட்டை மண்ணால அடைச்சிருக்கும், இன்னொன்னு கதவு பேடுக்குப் பின்னாடி ஒட்டியிருக்குற பிளாஸ்டிக் ஷீட்டை எப்பவோ பவர் விண்டோ மாட்ட வந்தவர் கிழிச்சு விட்டுட்டு போயிருப்பார். கண்ணாடி வழியா கதவுக்குள்ள தண்ணி போறது சகஜம், அந்த ஷீட்தான் அதை உள்ள வராம கீழ வடிய வைக்குது, கெட்டியான பாலித்தீன் ஷீட் வெட்டி பியூட்டைல் டேப் (பிசுபிசுன்னு ஒட்டுற ரப்பர் டேப்) வச்சு நாமளே ஒட்டிடலாம்.

மத்ததுக்கெல்லாம் ஹோஸ் பைப் சோதனைதான். ஒருத்தர் உள்ள டார்ச்சோட உக்காரணும், ஒருத்தர் வெளிய தண்ணி விடணும். வாட்டர் வாஷ் பிரஷர்ல அடிக்கக் கூடாது, சும்மா வழியுற மாதிரி, கீழேர்ந்து ஆரம்பிச்சு மேல போகணும், ஒரு இடத்துல அஞ்சு நிமிஷமாவது நிக்கணும். மேல ஆரம்பிச்சா தண்ணி எல்லா இடத்துலயும் வழிஞ்சு எது காரணம்னே தெரியாம போயிடும். உள்ள வெறும் தகட்டு மேல, டேஷ்போர்டு அடி சுவர் மேல எல்லாம் கொஞ்சம் முகப்பவுடர் தூவி வச்சுக்கோங்க, ஒரு சொட்டு இறங்கினாலும் கோடு போட்டுக் காட்டிடும். எங்க சித்தப்பாவோட 97 மாடல் 800-ல நான் உள்ள உக்காந்திருந்தப்ப, கதவு, வைப்பர் பக்கம் எல்லாம் ஒன்னும் இல்ல, முன் கண்ணாடியோட இடது கீழ் மூலைக்கு தண்ணி வந்ததும் ரப்பர் பீடிங் பின்னாலேர்ந்து ஒரு சொட்டு திரண்டு, அப்படியே வயர் கட்டு மேல ஓடி, ஃபியூஸ் பாக்ஸ் ஓரமா தாண்டி கீழ வந்து பவுடர்ல கோடு போட்டுச்சு. ஈரம் தெரிஞ்ச இடம் ஒன்னு, ஓட்டை இருந்த இடம் ஒன்னு. அதனால ஈரம் இருக்குற இடத்துலயே சிலிகான் அப்புறது வேலைக்கு ஆகாது. பீடிங் இறுகி வெடிச்சிருந்தா கண்ணாடியை எடுத்து புது பீடிங் போடணும், அதை மட்டும் கண்ணாடி மாட்டுறவர்கிட்ட விட்டுடுங்க. வைப்பருக்கு அடியில காத்து உள்ள போற இடத்துல இலை சருகு சேந்து கிடந்தாலும் தண்ணி நிரம்பி உள்ள இறங்கும், வேப்ப மரத்தடில நிக்கிற வண்டிக்கெல்லாம் இது கண்டிப்பா உண்டு. வயர், கேபிள் போற ரப்பர் குரோமெட், ஃப்ளோர்ல இருக்குற ரப்பர் மூடி இதெல்லாம் இறுகிப்போயிருந்தா புதுசு போடுங்க, ரொம்ப சின்ன விலைதான்.

துரு. தகட்டு மேல தார் மாதிரி கருப்பு ஷீட் ஒட்டியிருக்கும், சத்தம் குறைக்கிறதுக்கு. எங்க அது உப்பி, தட்டினா டொக்கு டொக்குன்னு வெத்துச் சத்தம் வருதோ அங்க அடியில துரு இருக்குன்னு அர்த்தம், அதைச் சுரண்டி எடுத்துடுங்க, நல்லா ஒட்டியிருக்குறதைத் தொட வேணாம். ஸ்க்ரூ டிரைவர் முனையால ஓரளவு அழுத்திக் குத்திப் பாருங்க. தாங்குச்சுன்னா மேல் துருதான், வயர் பிரஷ், அப்புறம் 80 நம்பர் உப்புத்தாள் போட்டுத் தேச்சு, பாஸ்பாரிக் ஆசிட் கலந்த ரஸ்ட் கன்வெர்ட்டர் தடவினா துரு கருப்பா மாறும், டப்பால போட்டிருக்குற நேரம் முழுசா விட்டு, அப்புறம் எபாக்ஸி பிரைமர், இல்லன்னா ரெட் ஆக்சைடாவது, அதுக்கு மேல கண்டிப்பா ஒரு கோட் பெயின்ட். பிரைமரோட நிறுத்திடாதீங்க, ரெட் ஆக்சைடு மாதிரி பிரைமர் மட்டும் ஈரத்தைத் தடுக்காது.

ஸ்க்ரூ டிரைவர் உள்ள இறங்கிடுச்சுன்னா அது டிங்கர் கடை வேலை. துருவை வெட்டி எடுத்துட்டு புது தகடு வச்சு சிஓ2 வெல்டிங் பண்ணச் சொல்லுங்க. எம்சீல் வச்சு அடைக்கிறேன், ஃபைபர் ஒட்டித் தரேன், மேல ஒரு தகடு வச்சு ரிவிட் அடிச்சுடலாம்னு சொன்னா ஒத்துக்காதீங்க, அதுவும் சீட் ரெயில், பெல்ட் போல்ட் பக்கத்துலன்னா பேச்சுக்கே இடமில்ல, மோதல்ல உங்களைப் பிடிச்சு வைக்க வேண்டிய இடம் அது. வெல்டிங்குக்கு முன்னாடி அந்தப் பக்க வயரெல்லாம் ஒதுக்கிக் கட்டணும், பெட்ரோல் டேங்கும் பைப்பும் எந்தப் பக்கம் இருக்குன்னு வெல்டர்கிட்ட ஞாபகப்படுத்தணும். வண்டிக்கு அடியிலயும் ஒரு தடவை டார்ச் அடிச்சுப் பாத்துடுங்க, ஜாக்கி வைக்கிற இடம் உட்பட.

இனிமேதான் புது கார்ப்பெட். ரெண்டு வகை இருக்கு. வண்டியோட வடிவத்துக்கே அச்சுல அழுத்திச் செஞ்சது ஒன்னு, மீட்டர் கணக்குல வாங்குற தட்டையான ரோல் ஒன்னு. உங்க மாடலுக்கு அச்சு வார்த்தது கிடைச்சா கண்ணை மூடிட்டு வாங்குங்க, வேலை பாதி குறையும். சென்னைல இருக்குறவங்க ஜி.பி. ரோடு ஆக்சஸரீஸ் கடைகள்ல கேளுங்க, நல்லா இருக்குற கழட்டின ஒரிஜினல் வேணும்னா புதுப்பேட்டைல தேடலாம், ஆனா வெள்ளத்துல நின்ன வண்டியோடது வேணாம், முகர்ந்து பாத்தாலே தெரிஞ்சுடும். ரோல் வாங்குறதா இருந்தா சின்தெட்டிக்கா, நெய்யாம ஊசியால குத்திச் செஞ்ச ஆட்டோ கார்ப்பெட்னு கேளுங்க, பாலிப்ராப்பிலீன் நூலு தண்ணியைக் குடிக்காது, எல்லாப் பக்கமும் கொஞ்சம் இழுபடும், மேடு பள்ளத்துல உக்காரும். வீட்டு ஹாலுக்குப் போடுற கார்ப்பெட், சணல் முதுகு வச்சது, அடில கெட்டி ரப்பர் ஒட்டினது எதுவும் வேணாம். காருக்குள்ள போடுற துணி, ஃபோம் எல்லாம் எவ்ளோ வேகமா எரியலாம்னு இந்தியால ஐஎஸ் 15061-னு ஒரு தரமே இருக்கு, நிமிஷத்துக்கு 100 மில்லிமீட்டருக்கு மேல தீ பரவக் கூடாது. வீட்டுக் கார்ப்பெட்டுக்கு அந்தக் கணக்கு கிடையாது. கடைல ஒரு துண்டு சாம்பிள் வாங்கி, வெளிய சிமெண்ட் தரைல வச்சு ஓரத்துல நெருப்பு காட்டிப் பாருங்க, சரசரன்னு பிடிச்சு எரிஞ்சா அதை விட்டுடுங்க.

அடியில போடுறதுக்கு ஃபெல்ட்டும் வேணாம், பாத்திரம் தேய்க்கிற மாதிரி பஞ்சு ஸ்பான்ஜும் வேணாம், ரெண்டும் தண்ணியைக் குடிக்கும். உள்ள தண்ணி ஊறாத குளோஸ்டு செல் ஃபோம்னு கேளுங்க, 5, 6 மில்லிமீட்டர் தடிமன் போதும். சத்தம் குறையணும்னா பியூட்டைல் டேம்பிங் ஷீட் ஒட்டலாம், ஆனா முழு ஃப்ளோரையும் மூட வேண்டிய அவசியமே இல்ல, அதிர்ற தட்டைப் பகுதில கால்வாசி மூடினாலே போதுமான மாற்றம் தெரியும். போல்ட் ஓட்டை, வடிகால் மூடி மேல எதையும் ஒட்டாதீங்க.

வெட்டுறது. புது ரோலை ஒரு மணி நேரம் வெயில்ல விரிச்சுப் போட்டு மடிப்பு எடுங்க. காஞ்ச பழைய கார்ப்பெட்டைக் குப்புறப் போட்டு, புதுசையும் குப்புற விரிச்சு, சாக்பீஸ்ல சுத்தி வரைங்க, ஆனா வெட்டுறது அந்தக் கோட்டுல இல்ல, எல்லாப் பக்கமும் 5 சென்டிமீட்டராவது தள்ளி வெட்டுங்க. மிச்சத்தை வண்டிக்குள்ள வச்சு வெட்டிக்கலாம், குறைஞ்சா சேக்க முடியாது. பழசு அச்சுல வார்த்ததுங்கிறதால தட்டையா விரியாது, நடுவுல டன்னல் மேடு (ரெண்டு முன் சீட்டுக்கும் இடையில நீளமா ஓடுற மேடு) வர்ற இடத்துல மடிஞ்சு நிக்கும், அதனால தட்டை ரோல்ல ஒரே துண்டா போட முயற்சி பண்ண வேணாம். டன்னலுக்கு ஒரு துண்டு, வலது இடதுக்கு தனித்தனி துண்டு, பின்னாடிக்கு ஒன்னுன்னு பிரிச்சா சுருக்கமே இல்லாம உக்காரும், இணைப்பு சீட்டுக்கும் ரெயிலுக்கும் அடில மறைஞ்சுடும். வெளிய தெரியுற ஓரங்களை சீட் கவர் தைக்கிற கடைல குடுத்து பைப்பிங் (ஓரம் பிசிறாம பட்டை வச்சுத் தைக்கிறது) அடிச்சு வாங்கிடுங்க. அப்பவே டிரைவர் குதிகால் வைக்கிற இடத்துல ஒரு கெட்டி ரெக்சின் துண்டு வச்சுத் தைக்கச் சொல்லிடுங்க, கார்ப்பெட் முதல்ல ஓட்டை விழுறது அங்கதான்.

மாட்டும்போது டன்னல் துண்டுதான் முதல்ல. நடுவுலேர்ந்து ஓரத்துக்குக் கையால நீவிக்கிட்டே வாங்க. வளைவுல அடங்காம எழும்பினா ஹேர் டிரையர் காத்து காட்டி, சூடு இருக்கும்போதே அழுத்திப் பிடிச்சா உக்காந்துடும். ஹீட் கன்னா தூரமா பிடிங்க, பாலிப்ராப்பிலீன் சட்டுனு உருகிடும். பசை எல்லா இடத்துலயும் வேணாம். டன்னல் பக்கவாட்டு, டேஷ்போர்டு அடியில ஏறுற சுவர் இந்த ரெண்டு இடத்துல மட்டும், சோஃபா வேலைக்கு யூஸ் பண்ற எஸ்ஆர் (சிந்தெட்டிக் ரப்பர்) வகை பசையை ரெண்டு பக்கமும் மெல்லிசா தடவி, விரல்ல ஒட்டாத பதம் வர்ற வரைக்கும் பத்து பதினஞ்சு நிமிஷம் விட்டு, அப்புறம் ஒட்டுங்க. தட்டையான ஃப்ளோர்ல ஒட்டவே கூடாது, பின்னாடி எப்ப வேணும்னாலும் ஓரத்தைத் தூக்கி அடியில கை விட்டுப் பாக்குற மாதிரி இருக்கணும். நாலு கதவும் திறந்திருக்கட்டும், அந்த வாடை தலை சுத்த வைக்கும், பக்கத்துல சிகரெட், ஊதுபத்தி எதுவும் கூடாது.

போல்ட் ஓட்டைக்கு டிரில் போடாதீங்க, நூல் பிட்டுல சுத்திக்கிட்டு கார்ப்பெட்டையே உருவிடும், கீழ பெட்ரோல் பைப்பும் பிரேக் பைப்பும் வேற ஓடுது. கோணூசியால குத்தி ஓட்டையைக் கண்டுபிடிச்சு, சூடான சால்டரிங் அயர்ன் முனையை வச்சு வட்டமா உருக்கி எடுத்தா ஓரமும் பிசிறாம நிக்கும். மாஸ்க் போட்டுக்கோங்க. இதே காரணத்துக்காக கார்ப்பெட்டை நிறுத்த ஃப்ளோர்ல புதுசா ஸ்க்ரூ எதுவும் அடிக்காதீங்க.

சீட்டைத் தூக்கி வைக்கிறதுக்கு முன்னாடி பெடல். இன்ஜின் ஆஃப்ல ஆக்சிலரேட்டரை முழுசா மிதிச்சு விடுங்க, தானா பட்டுனு திரும்பி வரணும். கிளட்ச், பிரேக்கும் அதே மாதிரி. பழசை விட புதுசு தடிமனா இருந்தா ஆக்சிலரேட்டர் கார்ப்பெட்டுல முட்டும், இல்லன்னா ஓரம் பெடலைப் பிடிக்கும். ஒரு தடவை பிடிச்சாலும் அந்த இடத்துல அடி ஃபோமை எடுத்துட்டு, கார்ப்பெட்டை வெட்டிக் குறைச்சு, திரும்பச் சோதிங்க. இதுல மட்டும் பரவால்லன்னு விடவே கூடாது.

சீட் போல்ட், பெல்ட் போல்ட் எல்லாத்தையும் முதல்ல கையாலயே சில சுத்து ஏத்துங்க, கையால ஏறலைன்னா மரை தப்பி ஏறுதுன்னு அர்த்தம், ஸ்பேனர் போடாம கழட்டி மறுபடி வைங்க. பெல்ட் போல்ட் சாதாரண போல்ட் இல்ல, மரையும் வேற, பலமும் வேற, தொலைஞ்சாலோ துருப்பிடிச்சாலோ ஒரிஜினல்தான் வாங்கணும், ஹார்ட்வேர் கடைல அதே சைஸ்ல கிடைக்குதுன்னு போடாதீங்க. கார்ப்பெட்டோ ஃபோமோ போல்ட் தலைக்கும் தகட்டுக்கும் நடுவுல மாட்டியிருக்கக் கூடாது, பிராக்கெட் நேரா தகட்டுல உக்காரணும். நடுவுல துணி இருந்தா நாளாக நாளாக அமுங்கி போல்ட் லூஸ் ஆயிடும். எல்லாம் முடிஞ்சு சீட்டை முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்க, ரெண்டு பக்க ரெயிலும் ஒரே நேரத்துல லாக் ஆகணும். ஒரு வாரம் ஓட்டினதுக்கு அப்புறம் சீட் போல்ட்டை ஒரு தடவை ஸ்பேனர் போட்டுப் பாத்துடுங்க.

மேல போட சாதாரண ரப்பர் மேட் போதும், தனித்தனியா எடுத்து உதறுற மாதிரி, டிரைவர் பக்கத்துது நகராம நிக்கிற மாதிரி. ஓரத்தோட ஒட்டி வர்ற மேட்டிங்கை மட்டும் எவ்ளோ அழகா இருந்தாலும் போடாதீங்க. பழைய கார்ப்பெட்டைக் குப்பைல போடுறதுக்கு முன்னாடி அதை வச்சு பிரவுன் பேப்பர்ல ஒரு அளவு வெட்டி, எது முன்பக்கம்னு எழுதிச் சுருட்டி வச்சுக்கோங்க. முதல் பெருமழை பெஞ்ச மறுநாள், சில் பிளேட்டைக் கழட்டி கார்ப்பெட் ஓரத்தைத் தூக்கி, நாலு மூலையிலயும் ஃபோமுக்கு அடியில டிஷ்யூ பேப்பரை வச்சு அழுத்தி எடுத்துப் பாருங்க, எந்த மூலைல நனைஞ்சு வருதோ அந்தப் பக்கத்துக்கு மறுபடி ஹோஸ் பைப்பும் டார்ச்சும்தான்.